மஞ்சள் நூல் கட்டிய செடிகள்

கெலவரப்பள்ளி,
பங்குனி 3.

அன்புள்ள சுசித்ரா அக்காவுக்கு,

பொற்கொடி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. மாமாவும் நானும் இரண்டு வேளை சாப்பிடுகிறோம். அதை நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கான்பூரிலிருந்து நீங்கள் மூன்று முறை போன் செய்தும் நான் சரியாகப் பேசவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் சொல்ல வேண்டியதை மாமா காதில் விழும்படி சொல்ல முடியாது. இது இரண்டு அறை வீடு. மகன் போன பிறகு அவர் வாசலைத் தாண்டுவதே அபூர்வம். அதனால்தான் கடிதம். பதிலையும் வீட்டுக்கு எழுதாமல் என் கம்பெனி முகவரிக்கு எழுதுங்கள், பின்பக்கத்தில் கொடுத்திருக்கிறேன்.

அணைத் தண்ணீர் இந்த வருஷமும் நுரையோடுதான் வருகிறது. வாய்க்கால் நுரை காற்றில் பறந்து தக்காளிச் செடி மேல் உட்காருகிறது. பக்கத்து நிலத்துச் சென்றாயன் அண்ணன் அலுத்துப்போய், ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போடுகிறவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். வருகிற ஆடியிலிருந்து எங்கள் நிலத்தையும் அவர்கள் குத்தகைக்குக் கேட்கிறார்கள். மாமா பிடி கொடுக்காமல் இருக்கிறார்.

நான் வேலைக்குப் போகிறேன். பழைய அசெம்பிளி லைன்தான், முதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். கம்பெனி பஸ், நவீனை லாரி அடித்த இடத்தைத் தாண்டித்தான் போகிறது. அந்த இடம் வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் நிறுத்தாமல் இருந்தால் சில நாள் எனக்குத் தெரியாமலே தாண்டியிருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணியைப் பற்றித்தான். பாதி உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என்னால் சொல்லி முடிக்க முடியும்.

மூன்று வருஷத்துக்கு முன் தளிப் பக்கம் ஒரு பட்டாணிக் கொல்லை முழுக்கச் சாம்பல் நோயில் வெளுத்துக் கிடந்தபோது, நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்றதாம். கணுவுக்கு ஒன்றோ இரண்டோ காய்க்கிற இடத்தில் மூன்று மூன்றாகக் காய்த்திருந்ததாம். அது காயும்வரை நவீன் கம்பெனி வேலைக்கு நடுவே வாரா வாரம் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொல்லைக்காரர், கம்பெனிக்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே விதையைக் கொடுத்தாராம். அதில் பாதியை உங்கள் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். காய் நிறைய இருந்தாலும் மணி பொடிசு, சந்தையில் எடுபடாது, பெரிய மணி ரகத்தோடு கலப்புச் செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இந்த மார்கழியில் செய்தோம். பன்னிரண்டு செடி. மொட்டு விரிவதற்கு முந்தின நாளே அதைக் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பையையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, மற்ற ரகத்தின் பொடியைத் தடவ வேண்டும். அவர் விரல் தடிமன், அவர் தொட்டால் மொட்டு உதிர்ந்துவிடும். நான் லைனில் பொடிப் பொடி பாகங்களைப் பொருத்துகிறவள். அதனால் இடுக்கி என் கைக்கு வந்தது. நாற்பது மொட்டில் இருபத்தாறு பிடித்தது. காலேஜில் ஒன்றாக விவசாயம் படித்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும், பாஸானது நான் என்று அவரைக் கேலி செய்தேன்.

கலப்புச் செய்த மொட்டுக்கு அடையாளமாகக் கட்ட நீங்கள் அனுப்பிய பச்சைக் கம்பளி நூல் பாதியில் தீர்ந்துவிட்டது. தாலிக்கயிறு மாற்ற வாங்கி வைத்திருந்த மஞ்சள் நூல்கண்டு வீட்டில் இருந்தது. நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன், அக்கா. அவர் சிரித்தார். இந்தப் பக்கத்து வழக்கத்தில் செடியில் மஞ்சள் நூல் கட்டினால் அது சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். எங்கள் பெரம்பலூரில் அப்படி ஒன்றும் கிடையாது, எனக்கு எப்படித் தெரியும்? நல்லதாப் போச்சு, ஒரு பய கை வெக்க மாட்டான் என்று சொல்லி, பச்சை நூலையும் அவிழ்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் மஞ்சளே கட்டினார். அப்பாவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது நாள்தான் இருந்தார்.

பதினாறு முடிந்த மறுநாள் மாமா கொல்லைக்குப் போயிருக்கிறார். காய்கள் பச்சை மணி நிறைந்து நின்ற நேரம். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விதை ஆகியிருக்கும். பன்னிரண்டு செடியையும் வேரோடு பிடுங்கி, வரப்போரத்து முனீஸ்வரனுக்குப் பட்டாணி போட்டுப் பொங்கல் வைத்துவிட்டார். சாவு வீட்டுக்காரர் வருஷம் திரும்பாமல் பொங்கல் வைக்கக் கூடாது என்று பங்காளிகள் தடுத்திருக்கிறார்கள். செத்தவன் கடன் சாமிகிட்ட நிக்கக் கூடாது, எம்பையன் கடனை நான் தீக்காம யாரு தீக்கிறது என்று கேட்டாராம்.

இலையில் கொஞ்சம் எனக்கும் கொண்டுவந்தார். அவன் நேந்துக்கினதைச் செலுத்திட்டேம்மா, நீயும் ஒரு வாய் சாப்புடு என்றார். அத்தனை நாளில் அன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது. நான் ஒரு வாய் மென்று விழுங்கிய பிறகுதான், எந்தச் செடி என்று கேட்டேன்.

எதுக்கும்மா நேந்துக்கினான் என்று அவர் கேட்டார். விளைச்சல் பெருகணும்னு மாமா என்றேன். அது பொய் இல்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். செடிகளை மாடு தின்றிருந்தது. நூல்களை மட்டும் அவிழ்த்து முனீஸ்வரன் வேலில் மாமா வரிசையாகக் கட்டியிருந்தார். எண்ணினேன், இருபத்தாறும் இருந்தன. வீட்டில் விதை டப்பாவைத் தட்டிப் பார்த்தேன். கடைசி மணி வரை நவீன் விதைத்துவிட்டிருக்கிறார்.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல் இருக்கிறது. சில நாள் உங்கள் சிநேகிதர் மேலும் வருகிறது. செடியோடு மணிக்கணக்காகப் பேசியவருக்கு அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இல்லாமல் போய்விட்டது. இந்த விஷயம் மாமாவுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. மகனுக்குக் கடைசியாக ஒன்று செய்தோம் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவர் எழுந்து நடமாடுகிறார்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பாதி விதை உங்களிடம் இருக்கிறதா? போன வருஷம் நீங்கள் வேலை மாறினீர்கள் என்று அவர் சொன்னார். மாறும்போது அது கூட வந்ததா, பழைய இடத்திலேயே தங்கிவிட்டதா, தெரியவில்லை. பத்து இருந்தால் ஐந்து அனுப்புங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். ஆவணிக்குள் தெரிந்தால் போதும், ஐப்பசியில் விதைக்க வேண்டும்.

பசுமைக்குடிலுக்குக் கொடுத்தாலும் கால் ஏக்கரை எனக்கு விட்டுவிடுங்கள் என்று மாமாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். பட்டாணி என்றேன். போடு என்றார். பிறகு, நீ ஏதாச்சும் நேந்துக்கினா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா என்றார்.

மொட்டுக் கீற எனக்குக் கை இருக்கிறது. இடுக்கியும் இருக்கிறது. விதை அனுப்பினால் அதோடு பச்சைக் கம்பளி நூலும் வையுங்கள், போன முறையைவிட அதிகமாக. பாதியில் தீர்ந்தால் எடுத்துக் கொடுக்க, இந்த வீட்டில் இனி மஞ்சள் நூல் இருக்காது.

உங்கள் கடிதத்தை எதிர்பார்க்கும்,
பொற்கொடி