கிரவுன் சத்தம்

அப்பா,

மீந்த கியர் ஆயில் இருந்த கேனைக் கழுவி வைக்கச் சொன்னாள் அம்மா. மூடியைத் திருகியதும் வாடை முகத்தில் அடித்தது. தீக்குச்சி மருந்தும் அழுகிய முட்டையும் கலந்த வாடை. நீ சட்டையைக் கழற்றிப் போடும் கொடியில் எப்போதும் இருந்தது அது. கேனைக் கழுவாமல் மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கிள்ளையில் படகு வந்து சேர்ந்ததும் மற்ற டிரைவர்கள் பிக்கப் வண்டியைக் கரையிலேயே நிறுத்துவார்கள். நீ மட்டும் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்குவாய். மீன் கூடை சுமக்கும் அக்காக்கள் சேற்றில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்பாய். படகிலிருந்து, "இன்னும் கொஞ்சம் வா மச்சான், இடுப்பு ஒடியுது" என்று கத்துவார்கள். நீயும் போவாய். ஓடிவந்த சூட்டில் இருக்கும் பின் அச்சு உப்புத் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்து, மேலிருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அச்சின் நடுவில் குடம்போல் உப்பியிருக்குமே, நீங்களெல்லாம் கிரவுன் என்று சொல்லும் அந்தப் பல்சக்கரப் பெட்டி, அதற்குள் எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிடும்.

சத்தம் வர ஆரம்பித்ததும் நீ கெட்டியான நூற்று நாற்பது நம்பர் எண்ணெய் வாங்கி வந்தாய். நான் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"அப்பா, இதுல எண்பது தொண்ணூறுன்னுதான் போட்டிருக்கு."

"புக்கு எழுதுனவன் கிள்ளைக்கு வந்து ஒரு நாளு ரிவர்ஸ் எடுக்கட்டும். கெட்டியா ஊத்துனா சத்தம் அடங்கும் பாப்பா."

"சத்தம்தான் அடங்கும். உள்ள பேரிங்கு தேஞ்சிக்கிட்டேதான இருக்கும்?"

"டீச்சரம்மா சொல்லிட்டாங்க," என்று சிரித்தாய். "மீனு காத்திருக்காது பாப்பா. பேரிங்கு காத்திருக்கும்."

கொஞ்ச நாளில் அந்த எண்ணெயையும் மீறிச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து ஒரு ஊளை. கடலூரில் மீனை இறக்கிவிட்டு நீ திரும்பும்போது, தெருமுனைக்கு வருவதற்கு வெகு முன்பே கேட்டுவிடும். "உன் ஊட்டுக்காரரு ஊளையிட்டுக்கினு வர்றாரு பாரு" என்று பக்கத்து வீட்டு அத்தை கிண்டல் செய்வாள். அம்மா குழம்பை அடுப்பில் ஏற்றுவாள். நீ கை கால் கழுவி வரும்போது குழம்பு கொதித்திருக்கும்.

ஐப்பசி மழையில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

தை பிறந்ததும், இனி மாமா வண்டி ஓட்டட்டும் என்று அம்மா முடிவு செய்தாள். மூன்று பேரும் சிதம்பரத்துப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் எண்ணெயை இறக்கிப் பார்த்துவிட்டு, "பேரிங்க மாத்தி எண்பது தொண்ணூறு ஊத்திட்டா புது வண்டிதான்க்கா. இல்லன்னா பழையபடி நூத்தி நாப்பதே ஊத்துறேன், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

"மாத்துனா அந்தச் சத்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"சுத்தமா நின்னுடும்."

அம்மா கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பழசே ஊத்திடுங்க."

"யக்கா, ஓடறப்ப கிரவுன் சுத்தாம இறுகிப் புடிச்சிக்கினா நானும் வண்டியும் பள்ளத்துலதான்" என்றார் மாமா. அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. அவரு உன்னைத்தான கேப்பாரு."

நீ கேட்பாய், ஒரு நாளும் அதன்படி செய்ததில்லை. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும், அப்பா. ஒரே ஒரு சாயங்காலமாவது அது தெருமுனையில் கேட்க வேண்டும். ஆனால் மாமா உன் சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பேரிங்க மாத்திடுங்கண்ணா. எண்பது தொண்ணூறு ஊத்துங்க. புக்குல போட்டிருக்கற மாதிரி டப்பாவுல ஜி.எல். அஞ்சுன்னு இருக்கணும்" என்றேன். வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது என் குரல்.

முதல் நாள் கடலூர் போய்விட்டு வந்த மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அவர் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. குழம்பு ஆறிக் கிடந்தது. "ஆரனாவது அடிச்சிருக்கலாமில்லடா" என்றாள் அம்மா. உள்ளே போய், அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மாமா தெருமுனையில் மறக்காமல் ஹாரன் அடிக்கிறார். அம்மாவும் குழம்பை ஏற்றுகிறாள். ஹாரனை எல்லா வண்டியும் அடிக்கும், அப்பா.

போன வாரம் பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பிக்கப் அதே ஊளையோடு வந்து டீக்கடையில் நின்றது. பக்கத்தில் போனேன்.

"அண்ணா, கிரவுன்ல தண்ணி பூந்திருக்கும். எண்ணெய எறக்கிப் பாருங்க. கெட்டியா ஊத்தாதீங்க. புக்குல போட்டிருக்கறதையே ஊத்துங்க."

அவர் என் யூனிபார்மை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி ஓடுதில்ல பாப்பா? ஊட்ல சத்தத்த வெச்சே சோத்த எடுத்து வெச்சிடுறாங்க" என்று சிரித்தார்.

"இருந்தாலும் பாருங்கண்ணா" என்றேன்.

வண்டி கிளம்பியது. என் பஸ் வந்தது. அந்தச் சத்தம் முழுதாகத் தேயும்வரை நான் ஏறவில்லை.