மாமியின் கை

ஜனவரி 5, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்! எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஓட்டு வாங்கி வந்த செயற்குழுவான எங்களுக்குத் தரையில் ஜமுக்காளம். தேர்தலையே பார்க்காத ஆயுள்கால ஆலோசகர்களுக்கு மேடையில் நாற்காலி. பொங்கல் நாடகத்தில் பிள்ளைகள் இந்த ஊர் பெங்காலியும் கலந்து பேசலாம் என்று நாங்கள் எடுத்த முடிவை அவர்கள் இரண்டு முறை தடுத்தார்கள்.

இன்று டாலிகஞ்ச் பேட்டையில் உள்ள சங்கக் கூடத்தில் பொதுக்கூட்டம். மூத்த ஆலோசகர் சேஷாத்ரி மாமா, "நாங்க சம்மதிக்காம இங்க எதுவும் நடக்காது" என்றார்.

"அப்ப எல்லாரையும் கேட்டுடலாம் மாமா. பெங்காலி கலந்த நாடகம் வேணும்கறவங்க கை தூக்குங்க" என்றேன்.

முதலில் கை தூக்கியது அவர் மனைவிதான். "குழந்தைகள் பேசறது எனக்குப் புரியறது. நீங்க பேசறதுதான் புரியலை" என்றார் மாமி.

கூடமே கை தூக்கியது. மாமா மேடையை விட்டு இறங்கினார். அவர்கள் வீட்டில் இன்று என்ன பேச்சோ!

எல்லோரும் இறக்கிய பிறகும் மாமி கையை இறக்கவில்லை.