தர்ஷினி கூப்பிடும் அத்தை

மதினி,

நேற்று பூண்டுலோயா கடைத்தெருவில் ஒருவர் பலூன் ஊதிக் கட்டிக்கொண்டிருந்தார். புது ரப்பரின் வாசம் மூக்கில் ஏறியதும் கண்டி ஆஸ்பத்திரி வார்டு கண்முன் வந்தது. முகத்துக்குப் பயிற்சியென்று கோணிய வாயால் தர்ஷினி பலூன் ஊத, காற்றெல்லாம் ஒரு பக்கமாக ஒழுகிப்போகும். நீங்கள் சிரிப்பீர்கள். அவளும் பாதி வாயால் சிரிப்பாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன்.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. தலைவலி என்றாள், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டேன். அவள் ஓயாமல் தண்ணீர் குடித்ததை முதலில் கவனித்தது அதே லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் இருந்த நீங்கள், என் வீட்டுக்காரரின் அக்கா. "புள்ள தண்ணிக்கு அலையுது. இது சும்மா இல்ல, டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றீர்கள். பெற்ற எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? என் பொறாமை அங்கேதான் தொடங்கியது. அந்த வாரமே அவள் முகம் ஒரு பக்கம் சரிந்தது.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். முதலில் காசநோய் என்று சந்தேகப்பட்டார்கள். கழுத்துக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகுதான் சார்கொய்டோசிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டோம். உடம்பைக் காக்கும் அணுக்களே திரண்டு சின்னச் சின்ன முடிச்சுகளாகிவிடுமாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நுரையீரலில் வருவது, இவளுக்கு மூளையின் அடியில் வந்திருந்தது. முகத்து நரம்பும், உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் இடமும் அதில் அகப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு இப்படி வருவது அபூர்வம் என்றார் டாக்டர்.

கூட ஒருவர்தான் தங்கலாம். என் இடுப்பில் பால்குடி மறக்காத சின்னவன். நீங்கள் தங்கினீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் ஊதிப்போயிருந்தவள், எழுந்து உட்கார உங்கள் தோளைத்தான் தேடினாள். வலிப்பு வந்ததைக்கூட நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. "நீ அழுதா புள்ள பயந்துரும். வெளிய போயி அழுதுட்டு வா" என்றீர்கள். என் பிள்ளையின் கட்டிலருகே எனக்கே சட்டம்.

ஒரு நாள் நர்ஸ் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்: "அம்மாதான் பக்கத்துல இருக்காங்களே, நீங்க யாரு?"

"அம்மா இவதான், நான் அத்தை" என்று நீங்கள் உடனே திருத்தினீர்கள். அந்த நேர்மையும் என்னைச் சுட்டது. நீங்கள் கொஞ்சம் பொல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

இப்போது அவளுக்குப் பதினாறு. முகம் நேராகிவிட்டது, சிரித்தால் மட்டும் இடக்கண் சற்றுச் சுருங்கும். தாகத்துக்கான மாத்திரை இன்னும் தொடர்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. போன மாதம் அவளுக்குத் தலைவலி திரும்ப வந்தது. மறுபடியும் கண்டிக்குப் போனோம். ஸ்கேன் அறை வாசலில் அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். "அத்தை" என்றாள்.

இருக்கிறவரோடு மல்லுக்கட்டலாம். இல்லாதவரை என்ன செய்வது?

"அத்தை இல்லடா. நான்தான் இருக்கேன்."

"தெரியும்மா. பயந்தா அப்பிடித்தான் வருது. நீ கைய விட்டுராத."

புது முடிச்சு எதுவும் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அவள் வாயில் முதலில் வருவது இன்னும் நீங்கள்தான், மதினி. என் எரிச்சல் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. அதோடுதான் அன்று பஸ்ஸில் வந்தேன். ஊர் வந்து சேரும்வரை அவள் கை என் கைக்குள்ளேயே இருந்தது.