பன்றி இறைச்சிப் பாணோடு செத்தவீட்டுக்கு வந்தவளுக்கு

இன்று காலை பொது மண்டபத்துக் குசினி அலுமாரியைத் திறந்தேன். எங்கள் இடியப்பத் தட்டுகளுக்கு முன்னால், வழியை மறித்துக்கொண்டு, உன் தேநீர்ப் பானை. மூடியைத் தூக்கினால் அதே மணம், கறுத்துப் போகும்வரை காய்ச்சிய தேயிலை. செத்தும் நீ இடம் விடுகிறாய் இல்லை.

வெஸ்ட்லியில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் இந்த மண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு அகதிகளாய் வந்த நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, எங்களுக்குச் சமையலும் கதையும். முதியோர் இல்லத்தில் தாதியாய் வேலை செய்த அயர்லாந்துக்காரி நீ, நிர்வாகக் கூட்டத்தில் எழும்பிப் பாதி ஞாயிறு கேட்டாய். பக்கத்துக் கட்டடத்தில் உங்கள் நாட்டுத் தச்சன் ஒருவன் செத்துக் கிடந்தது மணம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். "எங்கள் ஆட்கள் இனி இங்கே தனியாகச் சாகக் கூடாது" என்றாய். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"செத்தவனைக் காட்டி இடம் பிடிக்கிறாள்" என்று பக்கத்தில் இருந்த சாந்தி அக்காவிடம் சொன்னேன்.

"சும்மா இரடி, பாவம்."

பாவமாம். முதலில் நாலைந்து பேரும் அந்தப் பானையும். பிறகு கட்டட வேலைக்கு வந்த பெடியள், தாதிகள், நோர்வேஜியனைக் கட்டி வந்து பேச்சுத் துணையில்லாமல் போன பெண்கள் என்று மண்டபம் நிறைந்தது. புதிதாய் வந்தவனுக்கு அறை தேடிக் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு முறை வைத்து ஆள் அனுப்பினீர்கள். நல்ல வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதை ஏன் எங்கள் குசினிக்குள் இருந்து செய்தாய் என்பதுதான் என் வழக்கு. நீங்கள் கோவா இலை அவித்த மணம் திரைச்சீலை எல்லாம் ஏறியிருக்கும். கேட்டால், "உங்கள் மீன் குழம்பு எங்கள் பாணுக்குள் வருகிறதே" என்பாய். எங்களை, ஒரு மணி என்றால் மூன்று மணிக்கு வருகிற கூட்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நீ. நோர்வேஜிய மொழியை இரண்டு பேரும் கடித்துக் குதறினோம். சண்டை பிடிக்க அது போதும்.

உங்கள் பாதி ஞாயிறுக்கு என்னைக் கட்டின மனிசனைத்தான் அனுப்பினேன். "எங்கடை சட்டிபானையை எடுக்கினமோ எண்டு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ."

போய்விட்டு வந்து, "ஒண்டுமில்லையப்பா, சும்மா தேத்தண்ணி குடிக்கினம்" என்றார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். எவ்வளவு பொறுப்பான மனிசன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் திடீரென்று நெஞ்சு நோவில் போனபோது எங்கள் ஆட்கள் வந்தார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு மரக்கறிச் சோறு கொண்டுவந்தார்கள், பக்கத்தில் இருந்து அழுதார்கள். அப்போது கதவு மணி. உன் கூட்டம் முழுக்கப் பின்னால் நிற்க, பன்றி இறைச்சி வைத்த பாண் ஒரு தட்டம் நிறைய, கையில் விஸ்கிப் போத்தலோடு நீ. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மச்ச மாமிசம் படாத வீடு அது!

"உதென்ன, பண்டி இறைச்சியே? செத்தவீட்டிலையோ?" என்று சாந்தி அக்கா நெஞ்சில் கைவைத்தார். என் மகள் தட்டத்தை வாங்கிப் பால்கனியில் கொண்டுபோய் வைத்தாள்.

அதோடு நிறுத்தினாயா? நடுவீட்டில் இருந்து கதை சொல்லத் தொடங்கினாய். "உன் மனிசனை உளவு பார்க்கத்தானே அனுப்பினாய்? முதல் நாளே அவர் எங்களிடம் சொல்லிவிட்டார்!" மூன்றாம் ஞாயிறே எல்லோரும் இருந்து எழும்பிய கதிரைகளை அடுக்கினாராம். உங்கள் பாட்டுக்குத் தட்டத்தில் தாளம் போட்டாராம். ஆஸ்பத்திரி போகிற முறையில் தன்னையும் சேர்க்கச் சொன்னாராம், மனிசிக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று. உன் ஆட்கள் சிரித்தார்கள். மகள் மொழிபெயர்க்க, சாந்தி அக்காவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் வீட்டில், அவர் படத்துக்கு முன்னால்! எல்லோருக்கும் தெரிந்த என் மனிசனை எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

"வெளியிலை போ" என்றேன். தமிழில்தான் சொன்னேன், உனக்கு விளங்கியது. வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "எங்கள் ஊரில் செத்தவரைச் சிரித்துத்தான் அனுப்புவோம்" என்றாய். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

போன கிழமை உனக்காக மண்டபத்தில் கூடினார்கள். கதவுக்கு வெளியிலும் ஆட்கள். கடைசி நாட்களில் ஆள் மாறி ஆள் உன் கட்டிலடியில் இருந்தார்களாம். நீ நினைத்ததைச் சாதித்துவிட்டாய். நான் எங்கள் தட்டுகள் பத்திரமா என்று பார்க்கத்தான் போனேன். உன் ஆள் ஒருவன் என்னையும் ஏதாவது சொல்லச் சொன்னான். என்னிடம் இருந்தது ஆத்திரம்தான். பன்றி இறைச்சியைச் சொன்னேன். கண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அவரை "நல்ல மனிசன், அமைதியான மனிசன்" என்கிறார்கள். அதைக் கேட்டு அவர் முகம் எனக்கு வருவதில்லை. கதிரை அடுக்கி, தாளம் போட்டு, என்னிடம் வந்து முழுப்பொய் சொல்லும்போதுதான் வருகிறார், உயிரோடு, வாயோரச் சிரிப்போடு. அந்த மனிசனை எனக்குத் தந்தவள் நீ. அதற்காகத்தான் உன்னை மன்னிக்க மாட்டேன்.

பானையை எறியத்தான் எடுத்தேன். அவர் தேத்தண்ணி குடித்தது இதிலிருந்துதானே. கழுவித் துடைத்துத் திரும்ப வைத்தேன். ஆனால் எங்கள் தட்டுகளுக்குப் பின்னால்.