சலபினாவின் நல்ல பேச்சு

மோவமோவா, அப்பியா
8 ஜூன் 1997

அன்புத் தங்கை சிசிலியாவுக்கு,

மாதாவின் தயவில் நானும் உன் மகளும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. டின் இறைச்சி ஒன்றும் நசுங்கவில்லை. காதுக்கருவியின் பேட்டரிகளை அரிசிப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டியது நல்ல யோசனை. போன தடவை வந்தவை இந்தத் தீவின் ஈரத்தில் பூத்துப்போயின. காலணி மட்டும் சிறியது. உன் மகளுக்குப் பத்து வயது ஆகிவிட்டது என்று ஆக்லாந்தில் உனக்கு யாரும் சொல்வதில்லையா?

இனி முக்கியமான செய்தி. சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் சலபினா பீடத்தின் படியில் நின்று ஒரு திருப்பாடல் முழுவதையும் புத்தகம் பார்த்து வாசித்தாள். ஒரு சொல் உடையவில்லை, ஓர் ஒலி தேயவில்லை. அதற்கு முன்பு உபதேசியார் மனைவி லொபெத்தா என்னிடம் வந்து, "ஏன் அகெனீசி, காது கேக்காத பிள்ளைய எதுக்கு நிக்க வெச்சுப் படுத்துறே? வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில உக்கார வெச்சாப் போதாதா?" என்றாள். "உன் பிள்ளைங்க உக்காரட்டும். இவ நிப்பா" என்றேன். வாசிப்பு முடிந்தபின் அவள் விசிறியை மட்டும் வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இது தானாக வந்ததென்று நினைக்காதே. கன்னியர் மடத்தில் நாம் இருவரும் படித்த நல்ல பேச்சைத் தவிர வேறெதுவும் இந்த வீட்டில் அவள் முன்னால் பேசப்படுவதில்லை. 'த' வர வேண்டிய இடத்தில் 'க' போட்டு உருட்டும் தெருப்பேச்சு வாசலோடு சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுவதும் இல்லை. பாதிதான் கேட்கும் காது. அதில் போவது நல்லதாகவே போகட்டும்.

அக்டோபரில் பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறன்று மற்றப் பிள்ளைகள் இரண்டு வரி ஒப்பிப்பார்கள். இவள் ஒரு பக்கம் முழுவதும் சொல்வாள். ஆகவே ஆக்லாந்துப் பள்ளி என்று நீ தொடங்கிய பேச்சை இத்துடன் விடு.

உன் மூத்தவள்,
அகெனீசி


மாங்கெரே, ஆக்லாந்து
29 ஜூன் 1997

என் மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கூட வேலை செய்யும் தொங்காத் தீவுக்காரி, "உங்க அக்காகிட்ட நேர்ல பேசவே பயமா இருக்கும்போல" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

ஆறு வருடமாக என் மகளை உங்கள் மகளாக வளர்க்கிறீர்கள். அதை நினைக்காமல் நான் உறங்குவதில்லை. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். பெட்டிக்குள் சலபினாவுக்கென்று தனியாக ஒரு கடிதம் வைத்திருந்தேன் அல்லவா? அதில் பன்றி எத்தனை குட்டி போட்டது, தலைக்கு எந்த நிறத்தில் நாடா வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவள் எழுதிய பதில் இதுதான்: "ஆண்டவருடைய அருள் உங்களோடு இருப்பதாக. நான் நலம்." அச்சடித்ததுபோல அழகான கையெழுத்து. நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. விட்டுவிட்டுப் போன அம்மாமேல் கோபமோ என்று நினைத்தேன்.

இங்கே காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "உங்க பொண்ணு வாசிக்கிறாளா, இல்ல ஒலிக்கிறாளா?" அக்கா, பக்கத்தில் இருப்பவர் நீங்கள். கோபப்படாமல் அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து, அம்மா என்ன கேட்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இங்குள்ள பள்ளி பிப்ரவரியில் திறக்கும். சேர்ப்பதானால் நவம்பருக்குள் சொல்ல வேண்டும்.

உங்கள் கைபிடித்து வளர்ந்த,
சிசிலியா


மோவமோவா
27 ஜூலை 1997

சிசிலியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் என் கையெழுத்து கெட்டுவிடும்.

நீ சொன்னபடி செய்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன். எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, தேதியிலிருந்து உன் பெயர்வரை வாசித்தாள். மடத்துத் தாய்மார் கேட்டிருந்தால் பரிசு கொடுத்திருப்பார்கள். "அம்மா என்ன கேட்கிறாள்?" என்றேன். சிரித்தாள். மறுபடி தேதியிலிருந்து தொடங்கினாள். நிறுத்தச் சொல்லி, "பன்றி எத்தனை குட்டி போட்டது?" என்று நானே கேட்டேன்.

"ஆமென்" என்றாள்.

மறுநாளே அவளைக் காது கேளாத பிள்ளைகளுக்கென்று அப்பியாவில் புதிதாகத் தொடங்கியிருக்கும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். ஆசிரியை பெயர் பெப்பே. இருபத்து நாலு வயது, குட்டைத் தலைமுடி, வாயில் பபுள்கம். பன்றிக்குட்டிக் கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் அவளிடம் சொன்னேன். அவள் சலபினாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையையும் புருவத்தையும் ஆட்டித் தெருப்பேச்சில் ஏதோ கேட்டாள். உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தாங்கள் அமர்ந்தருள வேண்டும்" என்றாள். பெப்பே சிரிக்கவில்லை. அதற்காக அவளை மன்னித்தேன்.

"அம்மா, இவகூட வீட்ல யாரு சண்டை போடுவா?" என்று கேட்டாள்.

"என் வீட்டில் யாரும் இவளோடு சண்டை போடுவதில்லை."

"அதான் விஷயமே. யாரு கிண்டல் பண்ணுவா? யாரு ஊர்க்கதை சொல்லுவா? கேக்குற பிள்ளைங்க சும்மா படுத்துக் கிடந்தாலும் காதுல நாலு பேச்சு விழும். இவளுக்கு விழாது. யாராவது மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் உண்டு. நீங்க சொன்னது பூரா ஜெபம். பன்னிக்குட்டியப் பத்தி யாரும் பேசினதே இல்லன்னா, எழுத்துல மட்டும் பாத்து எப்படிம்மா புரியும்?"

என்னை இப்படிப் பேச உன் அத்தான்கூட உயிரோடு இருந்தவரை துணிந்ததில்லை. வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுப் பேசச் சொன்னேன். துப்பிவிட்டு அதையே மறுபடி சொன்னாள். சரியாகத்தான் சொல்கிறாள் என்று இரண்டாம் முறை தெரிந்தது.

இப்போது பக்கத்து வீட்டு தீனேயும் அவள் தங்கைகளும் பகல் முழுக்க இங்கேதான். பாய் கிழிகிறது, கோக்கோ தீர்கிறது. அவர்கள் உருட்டும் பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் ஜெபமாலையோடு ஒரு தூணோரமாக உட்கார்ந்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பெப்பேயின் வகுப்பு. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சலபினாவின் உச்சரிப்பில் பெப்பேயே குறை காணவில்லை. அது நான் கொடுத்தது.

பன்றி ஏழு குட்டி போட்டது.

அகெனீசி


மாங்கெரே
31 ஆகஸ்ட் 1997

என் அன்பு அக்காவுக்கு,

"ஆமென்" என்ற இடத்தில் சிரித்தேன். பிறகு ஈரப் போர்வைக் குவியலுக்குள் முகத்தை வைத்து அழுதேன். தொங்காக்காரி, "சோப்பு கண்ணுல பட்டுருச்சா?" என்று தண்ணீர் கொண்டு வந்தாள்.

நீங்கள் தீனேயை வீட்டுக்குள் விட்டதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க அக்காவா?" என்று மூன்று தடவை கேட்டார்.

வெள்ளை ஞாயிறுக்கு வர ஆசைதான், விடுப்பு கிடைக்கவில்லை. டிசம்பரில் வருகிறேன். இப்போது நான் எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். அவளை என்னோடு அழைத்துவர விரும்புகிறேன். உங்களிடம் குறை கண்டு அல்ல. நான் அவள் அம்மா. இங்கு வீடும் வேலையும் இப்போதுதான் நிலைத்திருக்கின்றன.

ஆனால் உங்களையும் என்னையும்விட இதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான். இத்துடன் அவளுக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். என்னோடு வருகிறாயா என்று அதில் கேட்டிருக்கிறேன். அவளால் புரிந்து படிக்க முடியும் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் கொடுங்கள். அதில் இருப்பதை மட்டும் நீங்கள் எடுத்துச் சொல்லாதீர்கள். அவளுக்குப் புரியவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் உங்களிடமே இருக்கட்டும். மறுபேச்சுப் பேச மாட்டேன்.

உங்கள்,
சிசிலியா


மோவமோவா
14 அக்டோபர் 1997

அன்புத் தங்கை சிசிலியாவுக்கு,

நேற்று முன்தினம் வெள்ளை ஞாயிறு. நான் தேர்ந்து வைத்திருந்த பக்கத்தை உன் மகள் சொல்லவில்லை. தீனேயின் கூட்டம் போடும் நாடகத்தில் சேர்ந்துவிட்டாள். நோவாவின் மனைவி வேடம். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னாள்.

வெள்ளைச் சட்டைக்கு மேலே ஒரு பழைய லாவாலாவா வேட்டியைச் சுற்றி, இடுப்பில் கை வைத்து நின்றாள். "கப்பல் கட்டுறாராம் கப்பல். வீட்டுக் கூரை ஒழுகுது, அத ஏறிப் பாக்க ஆளக் காணோம்" என்றாள். முழுக்கத் தெருப்பேச்சு. ஆண்டவருடைய ஆலயத்தில். அவ்வளவுதான், சபையே குலுங்கியது. அதோடு விட்டாளா? நாடகத்தில் இல்லாத ஒன்றை, முன்வரிசையைப் பார்த்துச் சேர்த்தாள்: "நீங்க சிரிங்க. மழ வந்தா கதவத் தொறக்க மாட்டேன்." லொபெத்தா விசிறியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபை சிரித்து ஓயும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொன்னாள். சிரிப்பு ஓய்வதை முகங்களைப் பார்த்தே அளக்கிறாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து யாரோ, "அது யாரு பிள்ள?" என்று கேட்டார்கள். "சிசிலியாவோட பொண்ணு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

உன் கடிதம் ஐந்து வாரமாக என் அலமாரியில் இருந்தது. செப்டம்பரிலேயே அவளால் படித்திருக்க முடியும். பக்கத்து வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, அதிலிருந்த வம்பை என்னிடம் வந்து சொன்னாள். நவம்பர் போகட்டும் என்று நான் நினைத்தது உண்டு. ஞாயிறு மாலை, பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பரிமாறி முடித்தபின், கொடுத்துவிட்டேன்.

எழுந்து நிற்கவில்லை. பாயில் உட்கார்ந்து, காலில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்தபடி படித்தாள். உதடு அசையவில்லை, சிசிலியா. வாய் மூடியே இருந்தது. கண் மட்டும் வரி வரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது, மேலே போய் மறுபடி அங்கே வந்தது. நான் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் வாசித்தாள். இதை எனக்காக வாசிக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "அம்மா வேலைக்குப் போனா நா யாருகூட இருப்பேன்?" என்றாள்.

"தெரியவில்லை" என்றேன்.

"நா போனா நீ யாரத் திருத்துவே?"

"லொபெத்தாவை."

வெகுநேரம் சிரித்தாள். கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். "போறேன் பெரியம்மா" என்றாள். நல்ல பேச்சில் இன்னொரு முறையும் சொன்னாள், எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. எல்லாம் புரிந்தது.

டிசம்பரில் வா. பள்ளிக்கு இன்றே எழுதிவிடு. அவளிடம் பேசும்போது முகத்துக்கு நேராகப் பேசு. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசும் பழக்கம் உனக்கு உண்டு. அவளோடு சண்டை போடு. அவள் உன்னைக் கிண்டல் செய்தால் விடு, என்னையே விடுவதில்லை.

நீ வேலைக்குப் போனால் யாரோடு இருப்பது என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். எனக்கு எழுதாதே. அவளுக்கே எழுது.

அகெனீசி