இரண்டுக்கும் ஆம்

என் கையெழுத்து வரப்பில் நடக்கிற கன்றுக்குட்டி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போகிறது. பொறுத்துக்கொள். நீ கண்ணை மூடிய பிறகு முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டது. ஆவுடையார்கோவில் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறினேன் என்றால் நம்புவாயா?

அப்படித் தனியாகப் போய்வந்தது தெரிந்ததும் நம் மகன் வாசலில் கேமரா மாட்டச் செய்துவிட்டான். கேட்டைத் தாண்டினால் சிங்கப்பூரிலிருந்து போன் வருகிறது. "விழுந்துட்டா யாருப்பா தூக்குறது? உள்ள போங்க."

இன்று மோர் கரைத்தேன். பெருங்காய வாசனை வந்ததும் உன் நினைப்பு. ஆராய்ச்சிக்குக் கேள்விகள் தயாரித்து போனில் போட்டிருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணுக்காக அந்த மோர். புதிதாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கேள்விகள் புரிகிறதா என்று பார்க்க வந்தாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்து, நானே விரலால் தொட்டேன். அத்தனை சந்தோஷம்.

'இரவில் நன்றாகத் தூங்குகிறேன்.' ஆம் என்று தொட்டேன். கொஞ்சம் தள்ளி, 'இரவில் தூக்கம் வராமல் சிரமப்படுகிறேன்.' அதற்கும் ஆம்.

அவள் சிரித்தாள். "ரெண்டுக்கும் ஆமான்னா எப்படிங்கய்யா? படிக்காம அமுக்குறவங்களப் பிடிக்கத்தான் திருப்பிக் கேட்டிருக்கேன்."

"படிச்சுத்தாம்மா அமுக்குனேன். மொதல்ல சொன்னது வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சொல்ற பதில். ரெண்டாவதுதான் உள்ளது."

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். உடம்பைப் பற்றி விசாரிக்க முன்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி வந்தபோது, "எனக்கென்னத்தா, நல்லா இருக்கேன், மோரக் குடி" என்றாய். அவள் போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "குடிச்ச மோர் வயித்துல எறங்குறதுக்குள்ள நம்ம சங்கடத்தச் சொல்லணுமாக்கும்?"

கடைசிக் கேள்வி: 'வீட்டுக்குள் அடைபட்டிருப்பதாக உணர்கிறேன்.' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். பதில் சொல்லாமல் தாண்ட முடியாதாம். இல்லை என்று தொடப் போன விரல் நின்றுவிட்டது. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. ஆம் என்று தொட்டேன். 'நன்றி' என்று அடுத்த பக்கம் திறந்துகொண்டது.

அவள் கேட்டைத் தாண்டியதும் போன் வந்தது. "யாருப்பா அது? நல்லா இருக்கீங்கள்ல?"

நல்லா இருக்கேன் என்பது நாக்கு வரைக்கும் வந்தது. "இல்லப்பா. அடைஞ்சு கெடக்குற மாதிரி இருக்கு."

 "எங்கிட்டுப்பா போகணும்?" என்றான்.

மோர் கொடுக்கிற பழக்கத்தை மட்டும் நான் விடமாட்டேன். அடுத்த வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறேன். வழியில் படித்த பலகைகளை எல்லாம், திரும்பி வந்து, ஒன்று விடாமல் உனக்கு எழுதுகிறேன்.