முப்பது நாள் என்று நான் படித்துச் சொன்னது

என் பெரிய பிள்ளைக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், கப்பலில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் சினிமாக்காரி மாதிரி நடமாடுகிறேன் என்று உன் அப்பா கிண்டல் செய்கிறார். இன்னும் மூன்று வாரத்துக்கு எழுதவோ படிக்கவோ கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார், அதனால்தான் தங்கச்சியின் கையெழுத்து. அப்பாவைப் பற்றி வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் மூன்று நாள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போகவில்லை, எப்போதும் போல சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் வந்தார், புதிதாக வந்திருக்கும் ஆபீஸ்காரர்களோ லீவுச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை என்று வேலையை நிறுத்தி வைத்து இங்கிலீஷில் கடிதம் அனுப்பிவிட்டார்கள். முப்பது நாள்தானாம், அதற்குப் பிறகு அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று தங்கச்சி படித்துச் சொன்னாள். இன்றோடு இருபத்தெட்டு நாள் ஓடிவிட்டது. நீ அதை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, ஒப்பந்தம் முடிவதற்குள் பாதியில் இறங்கி வருகிறேன் என்று கிளம்பியும் விடாதே. இன்ஜின் ரூமில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள், ஈரத்தலையோடு படுக்காதே, மேலதிகாரியிடம் வாயைக் கொடுக்காதே, உன் அப்பாவின் வாய் உனக்கும் இருக்கிறது. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கும், உனக்கு ஒரு குறையும் வராது. பதில் போட மறந்துவிடாதே. இப்படிக்கு, உன் அம்மா.

அண்ணா, அம்மா தூங்கிவிட்டாள். காலையில் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்த தாளின் பின்பக்கத்தில், சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அப்பா உள்ளே இருமினால்கூடக் கை நின்றுபோகிறது. மேலே அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன், ஆனால் அப்பாவின் வேலையைப் பற்றிய வரிகள் பொய். அம்மா பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பி அவள் உனக்குச் சொல்கிறாள், அதை நானே எழுதினேன். எழுதும்போது, என்னடி இது, எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது, கோழி கிளறினாப்பல, என்று வேறு கேட்டாள்.

கம்பெனிக் கடிதம் வந்த அன்று அப்பாவோடு வேலை செய்யும் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். நம் வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதம் எதுவானாலும் அப்பா உறையைப் பிரித்து என்னிடம்தான் நீட்டுவார் என்பது உனக்குத் தெரியும். அன்றும், எங்க வக்கீலம்மா இருக்கும்போது எனக்கென்ன கவலை, படிம்மா, என்றார். வந்தவர்களில் ஒருவர், வக்கீலம்மா, பார்த்து நல்ல தீர்ப்பா சொல்லுங்க, என்று சிரித்தார். இரண்டாவது வரியிலேயே டெர்மினேட் என்ற வார்த்தை இருந்தது. அந்த வாரம்தான் இங்கிலீஷ் டீச்சர், நிற்பதற்கும் முடிவதற்கும் உள்ள வார்த்தைகளையெல்லாம் போர்டில் படிக்கட்டு மாதிரி எழுதிக் காட்டியிருந்தார். மேல்படியில் சஸ்பெண்ட், அதற்குக் கீழே ஸ்டாப், கடைசிப் படியில் டெர்மினேட். மேல நிக்கறவன் திரும்பி வந்துடலாம், இந்தக் கடைசிப் படியில இறங்கினவன் வரமுடியாது, என்று சாக்பீஸால் தட்டித் தட்டிச் சொன்னார். டெஸ்டில் நான் முழு மார்க் வாங்கினேன். அதனால் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை அண்ணா. கடைசியில், ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தரவேண்டும், அதன்பின் எதையும் ஏற்கமாட்டோம் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார், வந்தவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயில் மேல்படி வார்த்தைதான் வந்தது. சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்கப்பா, முப்பது நாள், அப்புறம் கூப்பிடுவாங்க, என்றேன். அவ்வளவுதானா, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன், என்று அப்பா மூச்சு விட்டார். அவர்கள் போனதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். போனதும் அப்பா வயிறாரச் சாப்பிட்டார், அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றே போய்விட்டது.

ஆள் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியட்டும் என்று அப்பா தினமும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு கம்பெனி கேட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறார். செவ்வாய்க்கிழமை பஸ் தவறியதால் நான் அந்த வழியாக நடந்து போனேன். உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் அப்பா கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார், பாதிப் பேர் போனைப் பார்ப்பது போல குனிந்துகொண்டு போனார்கள். வாட்ச்மேன், என்ன சார், என் வேலைக்கு உங்களையே போட்டுட்டாங்களா, சொல்லியிருந்தா நான் வீட்லயே தூங்கியிருப்பேனே, என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டான். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, அவர் கண்ணில் படாமல் ஓடிவிட்டேன். அப்பாவைப் பார்த்து ஒளிந்தேன் என்பதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நீ அப்பாவுக்கு எழுதி விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கப்பல் ஆபீஸ் வழியாக இது உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். நாளை மறுநாள் கடைசி நாள். இது எழுத உட்காரும்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னால் அப்பாவிடமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவரை எழுப்பப் போகிறேன். பயமாக இருக்கிறது.

சொல்லிவிட்டேன் அண்ணா. அப்பா விளக்கடியில் உட்கார்ந்து, கம்பெனிக் கடிதத்தை ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்துப் படிக்கச் சொன்னார். அந்த வார்த்தை எது, காட்டு, என்றார். காட்டினேன். இதுக்கு என்ன அர்த்தம் என்றார். இனி வேலை இல்லைன்னு அர்த்தம்ப்பா, என்றேன். உனக்கு அன்னைக்கே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அடிக்கவில்லை, கத்தவில்லை. கடிதத்தை மடித்துவிட்டு, இருபத்தெட்டு நாள் அவனுங்க முன்னாடி இளிச்சுக்கிட்டு நின்னிருக்கேனேம்மா, என்றார். அடித்திருந்தால் தேவலை. உள்ளேயிருந்து அம்மா, அங்க என்ன பேச்சு, என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன், நீ தூங்கு, என்று என்னைக் காட்டிக்கொடுக்காமல் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுக்கச் சொன்னார். பதினோரு வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டதில்லை, மனைவிக்குக் கண் ஆபரேஷன், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். திரும்பப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், காலையில மருந்துக்கடைக்காரர்கிட்ட ஒரு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் கொண்டுபோய்க் குடுக்கறேன், என்றார். நான் படித்ததை அப்பா இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது இதுதான் முதல் தடவை. சரிப்பா, என்றேன்.

கம்பெனியில் என்ன சொல்வார்களோ தெரியாது. அம்மாவிடம் அப்பாவே பக்குவமாகச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மேலே அம்மா சொன்ன வரிகளை நான் அடிக்கவில்லை, எது நிஜம் என்று இப்போது உனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுதும்போது அப்பா பேருக்கு எழுது, எனக்காகப் பரிந்து அதில் ஒரு வரிகூட எழுதாதே.

உன் தங்கச்சி